அனிமோன்: கிழங்கை ஊறவைப்பதில் இருக்கிறது சூட்சுமம்

சிறு பொட்டலங்களில் விற்கப்படும் அனிமோன் கிழங்கைப் பார்த்தால், உடைத்த பெருங்காயக் கட்டி என்றுதான் நினைக்கத் தோன்றும். கருத்து, சுருங்கி, கல்போல இருக்கும். இதிலிருந்துதான் சிவப்பு, ஊதா, வெள்ளை நிறங்களில், நடுவே கரும்பொட்டு வைத்த பூக்கள் வருகின்றன. படத்தைப் பார்த்து ஆசையாக வாங்கி நட்டவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: முளைக்கவே இல்லை, தோண்டிப் பார்த்தால் கிழங்கு அழுகிக் கிடக்கிறது.

அனிமோன், மத்தியதரைக் கடலோரச் செடி. இஸ்ரேலின் தேசிய மலர். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும்; கோடை வறண்டு கிடக்கும். அதனால் இது குளிரில் வளர்ந்து பூத்து, வெயில் ஏறியதும் இலை காய்ந்து உறங்கிவிடும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயரமான மலைப்பகுதி விவசாயிகள் முயன்று பார்க்கலாம். சமவெளி விவசாயிகள் இதில் பணத்தைப் போட வேண்டாம். நீலகிரிப் புல்வெளிகளில் வெள்ளை நிறக் காட்டு அனிமோன் ஒன்று இயற்கையாகவே வளர்கிறது. அது வேறு இனம். அதைத் தோண்டி எடுத்துவரக் கூடாது.

உளுந்தை ஊறப்போடுவதுபோல இரவெல்லாம் தண்ணீரில் போட்டுவைப்பதுதான் பெரிய தவறு. அனிமோன் கிழங்குக்கு 3 முதல் 4 மணி நேரம் போதும். அதற்குள் ஏறக்குறைய இரு மடங்கு உப்பிவிடும். எடுத்து, லேசான ஈரமுள்ள மணலிலோ தென்னைநார்க் கழிவிலோ பரப்பி, குளிர்ச்சியான இருட்டிடத்தில் 10 முதல் 14 நாட்கள் வைத்தால் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. கொழகொழத்த, பூசணம் பிடித்த கிழங்குகளை அப்போதே கழித்துவிடுங்கள்.

பூண்டுப் பல்லை நடும் பழக்கத்தில் கூர்முனையை மேலே வைத்துவிடாதீர்கள். இதில் கூர்முனை கீழே இருக்க வேண்டும். எது முனை என்று தெரியாவிட்டால் படுக்கவைத்து நடலாம், தண்டு தானே வழி தேடிக்கொள்ளும். ஆழம் 5 செ.மீ., இடைவெளி 15 செ.மீ.

மலையில் அக்டோபர் நடவு என்றால் வடகிழக்குப் பருவமழை குறுக்கிடும். எனவே மேட்டுப்பாத்தி கட்டாயம். மேலே மழைமறைப்பு இருந்தால் இன்னும் நல்லது. மலை மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. மண் பரிசோதனை செய்து, தேவைக்கேற்ப டோலமைட் இட்டு கார அமில நிலையை 6 முதல் 7-க்குள் கொண்டுவர வேண்டும். நன்கு மக்கிய தொழு உரம் மட்டும் போடுங்கள்.

சுமார் 3 மாதங்களில் பூக்கும். ஒருமுறை விரிந்து, மாலையில் மூடிய பூவை, அடியிலுள்ள இலை வளையத்திலிருந்து சற்று மேலெழும்பிய நிலையில் பறித்தால் குவளையில் ஒரு வாரம் நிற்கும். செடிச் சாறு தோலில் பட்டால் அரிக்கும், கையுறை அணியலாம். ஆடு, மாடு மேயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இலை சுருண்டு முறுக்கிக்கொண்ட செடிகளைக் கிழங்கோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

முதல் ஆண்டு 100 கிழங்குக்கு மேல் வேண்டாம். பூக்கடைக்காரர் யாரிடமாவது விலை பேசி முடித்த பிறகே பரப்பைக் கூட்டலாம். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் நீரை நிறுத்தி, முழுவதும் காய்ந்தபின் கிழங்கைத் தோண்டி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் அடுத்த நடவுக்கு ஆகும்.