மிளகு மந்தத்தைப் போக்கும், விஷத்தைப் போக்காது

மழை விட்டு வெயில் அடித்தால் வரப்பிலும் தோப்பிலும் காளான் முளைக்கிறது. அடுத்த சில நாள்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று நோயாளிகள் மருத்துவர்களான எங்களிடம் வருகிறார்கள். அதுவும் பலர் நிலைமை கைமீறிய பிறகே. "மஞ்சளும் மிளகும் போட்டுத்தான் சமைத்தோம், ஆயுர்வேதத்திலேயே சொல்லியிருக்கிறதே" என்ற சமாதானமும் உடன் வருகிறது. ஆயுர்வேதம் அப்படிச் சொல்லவில்லை. செரிமானத்துக்குச் சொன்ன பக்குவத்தை நாம் விஷமுறிவாக எடுத்துக்கொண்டோம்.

நூல்கள் சொல்வது என்ன?

சரக சம்ஹிதை, சர்ப்பச்சத்ரகம் என்ற வகையை விலக்கிவிட்டு, மற்றக் காளான்கள் குளிர்ச்சியானவை, இனிப்பானவை, செரிக்கக் கடினமானவை, பீனிசத்தை, அதாவது மூக்கடைப்புச் சளியைக் கிளப்புபவை என்கிறது. சுசுருத சம்ஹிதையோ வைக்கோல், கரும்பு, சாணம், மூங்கில், மண் என்று முளைக்கும் இடத்தை வைத்துக் குணம் பிரிக்கிறது. ஆகவே "தாமச உணவு, தொடவே கூடாது" என்பதற்கும், "எல்லா நோய்க்கும் காளான் பொடி" என்பதற்கும் இங்கே இடமில்லை. காளானின் செல்சுவரில் உள்ள கைட்டின் நம் குடலில் எளிதில் கரையாது என்பதால் 'செரிக்கக் கடினம்' என்ற கணிப்பு இன்றைக்கும் பொருந்துகிறது. எனவே நன்றாக வேகவைத்து, இஞ்சி, மிளகு, சீரகம் சேர்த்து, சூடாக, அளவாக, பசி நன்றாக எடுக்கும் மதிய வேளையில் சாப்பிடுங்கள். சளி, மந்தம் இருக்கும் நாள்களில் தவிருங்கள். பால், கிரீம் ஊற்றிய காளானை இரவில் உண்பது மந்தத்தின் மேல் மந்தம். பச்சையாக சாலட்டில் போடவே வேண்டாம். அரைவேக்காட்டு ஷிடாகே காளான் சிலருக்குச் சாட்டையடி போன்ற தடிப்புகளை உண்டாக்கும்.

கைவிட வேண்டிய நம்பிக்கைகள்

காளானோடு சேர்த்து வேகவைத்த பூண்டோ வெள்ளிக் காசோ கறுக்காவிட்டால் நல்ல காளான் என்கிறார்கள். கொடிய காளான்களில் உள்ள அமாடாக்சின் என்ற நச்சு இரண்டையும் கறுக்கச் செய்யாது. பூச்சி அரித்த காளானை நம்பலாம் என்கிறார்கள். நத்தைக்கு ஒன்றும் செய்யாதது மனிதக் கல்லீரலை அழிக்கலாம். வெள்ளை என்றால் பாதுகாப்பு என்பதும் பொய். புல்வெளியில் குடை விரிக்கும் வெள்ளைக் காளான்களிலேயே நச்சு வகைகள் உண்டு. கொதிக்கவைத்தாலும், காயவைத்தாலும், புளியில் ஊறவைத்தாலும் அமாடாக்சின் அழியாது. "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து பறித்துத் தின்கிறோம்" என்பது மதிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் அந்த அறிவு குறிப்பிட்ட நிலத்தையும், அங்கே கண்டு பழகிய புற்றுக்காளான் போன்ற சில வகைகளையும் சார்ந்தது. பழகிய வகையைப் போலவே தோன்றும் நச்சு வகை ஒன்று கூடையில் விழுந்தால் போதும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

தாமதம் ஏன் கொல்கிறது?

அமாடாக்சின், காளானை உண்ட 6 மணி நேரத்துக்குப் பிறகே, பெரும்பாலும் 12 மணி நேரத்தை ஒட்டி, வாந்தி பேதியைக் கொண்டுவரும். அதனால் பழி வேறு சாப்பாட்டின் மேல் விழுகிறது. மறுநாள் வாந்தி நின்று நோயாளி தேறிவிட்டதுபோல் எழுந்து உட்காருவார். மோரும் வேப்பிலைச் சாறும் வேலை செய்தன என்று வீடு நிம்மதியடையும் அதே நேரத்தில் கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும். உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பதும், பேதி மாத்திரையை நீங்களே வாங்கி விழுங்குவதும் வைத்தியமல்ல. மருத்துவமனையில் கழிய வேண்டிய மணி நேரங்களை வீட்டில் வீணாக்குவது. மருத்துவமனைக்கு வந்தால் கல்லீரல், சிறுநீரக, ரத்த உறைவுப் பரிசோதனைகள் செய்யப்படும்.

கேட்டுக்கொள்வது

பால் காளான், சிப்பிக் காளான், மொட்டுக் காளான் என்று வளர்ப்புக் காளான்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றையே வாங்குங்கள், பிசுபிசுத்தாலோ நாறினாலோ தூக்கி எறியுங்கள். யாரென்று தெரியாதவர் பறித்துக் கொடுத்ததைக் குழந்தைகளுக்கு ஊட்டாதீர்கள். காட்டுக் காளான் தின்றபின் ஒருவருக்கு வாந்தி வந்தாலும், உடன் சாப்பிட்ட அத்தனை பேரையும், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள். பக்குவத்தை அடுப்பங்கரையில் கடைப்பிடியுங்கள், விஷத்தை மட்டும் எங்களிடம் விடுங்கள். தயவுசெய்து மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.