கண்ணாடிக்குள் நிற்கும் காற்று

டீயை எடுத்துக்கொண்டு இப்படி உட்காருங்கள் தம்பி. நாளைக்குக் கண்ணாடிக் குடிலைக் கழுவப்போகிறேன் என்றீர்கள். வாளிக்குப் பக்கத்தில் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் இருந்ததைப் பார்த்தேன். அதனால்தான் கூப்பிட்டேன்.

1829 வாக்கில் லண்டனில் வார்டு என்று ஒரு மருத்துவர் இருந்தார். தோட்டத்தில் ஆசையாக வைத்த பெரணிகள் நிலக்கரிப் புகையில் கருகிப்போயின. ஆனால் ஒரு கூட்டுப்புழுவைக் கவனிக்க ஈர மண்ணோடு அவர் மூடிவைத்திருந்த குப்பிக்குள் பெரணி தானாக முளைத்தது, நன்றாகவும் வளர்ந்தது. வெளிப்புகையைக் கண்ணாடி உள்ளே விடவில்லை. அதே கண்ணாடி, உள்ளே நாம் கிளப்பும் நெடியை வெளியேயும் விடாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

உங்கள் ஆர்க்கிட்டின் வேரைப் பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கும். மரத்தில் தொற்றி வளர்கிற செடிக்கு மழையும் பனியும் வந்துபோகிற நேரம் கொஞ்சம்தான். அதற்குள் உறிஞ்சிக்கொள்ள அந்த உறை. மேலே கண்ணாடியிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டினால் அதையும் அப்படியேதான் குடிக்கும்.

ஆகவே முதலில் நாளைப் பாருங்கள். குன்னூரில் மேகம் இறங்காத காலையாக இருக்கட்டும். ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்கட்டும். காலையில் ஆரம்பித்தால் தெறித்த ஈரம் பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும். இரவெல்லாம் நனைந்து கிடக்கும் இலையில்தான் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும்.

தண்ணீரைத் தொடுவதற்கு முன் காய்ந்த இலை, உதிர்ந்த பூ எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போடுங்கள். நத்தையும் பூஞ்சணமும் குடியிருப்பது அங்கேதான். தொட்டியைத் தூக்கி அடியிலும் பாருங்கள். தூக்க முடிந்த செடிகளை வெளியே நிழலில் வையுங்கள், வெயிலில் வேண்டாம். நகர்த்த முடியாதவற்றின் மேல் பழைய வேட்டியும் அதன் மேல் பிளாஸ்டிக் தாளும் போடுங்கள். உள்ளே சூடு ஏறும், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பிகோனியாவின் ரோம இலையைத் துடைக்காதீர்கள். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும்.

கழுவுவது எப்போதும் மேலிருந்து கீழ்: முதலில் கூரை, பிறகு சுவர், பலகை, கடைசியில் தரை. உள்பக்கத்துக்கு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். இடுக்குப் பாசிக்குப் பழைய பல்தேய்க்கும் பிரஷ். கம்பி நார் வேண்டாம். அது போடும் கீறலில் அடுத்த மழைக்குப் பாசி இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். வெளிப்பக்கத்துக்குப் பாத்திர சோப்பு கொஞ்சம் சேர்க்கலாம், நன்றாக அலசிவிட வேண்டும்.

அப்படியானால் பிளீச்சிங் எதற்கு? போன வருஷம் செடிகளுக்கு அழுகல் நோய் வந்திருந்தால் மட்டும். அதுவும் அழுக்கைக் கழுவிய பிறகுதான். அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்தின் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துபோகும். பிளீச்சிங் ஊற்றும்போது குடிலுக்குள் ஒரு செடியும் இருக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பினாயில், ஆசிட் எதையும் அதோடு கலக்காதீர்கள். ஆசிட் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு, மூடிய இடத்தில் அது ஆளையே சாய்த்துவிடும். நன்றாக அலசிவிட்டுக் கதவைத் திறந்துபோடுங்கள். மூக்குக்கு நெடி தெரிகிறவரை செடிகளை உள்ளே கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று இருக்கிறது, பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஜூனிலிருந்து பாசி படிந்த கண்ணாடிக்குக் கீழே, மங்கல் வெளிச்சத்திலேயே இலைவிட்ட செடிகள் இவை. கண்ணாடி பளிச்சென்று ஆனதும் வெயில் நேராக இறங்கும், பழகாத இலை வெந்து வெளுக்கும். அதனால் பத்து நாளைக்கு ஒரு நிழல்வலையைக் கட்டிவிட்டு, தினம் கொஞ்ச நேரமாக விலக்கிப் பழக்குங்கள்.

டீயைக் குடியுங்கள், ஆறுகிறது. அந்தப் பினாயிலை வீட்டுக்குள் வைத்துவிட்டு நாலு பழந்துணி எடுத்துவையுங்கள். மேகம் இல்லாவிட்டால் காலையில் நானும் வருகிறேன்; தொட்டிகளை வெளியே எடுக்க இன்னொரு ஆள் வேண்டுமே.