கிதார் பெருக்கியின் வால்வுகளும் ஓய்வு மின்னோட்டமும்

டிரான்சிஸ்டரின் வருகைக்குப் பிறகு வானொலி, தொலைக்காட்சி, கணினி எனப் பல கருவிகளிலிருந்தும் வெளியேறிய வெற்றிடக் குழல், அதாவது பழைய வானொலிகளின் காலத்தில் நம் வீடுகளில் வால்வு என்ற பெயரால் அறியப்பட்ட கண்ணாடிக் குழல், மின்கிதாருக்கான பெருக்கிகளில் இன்றளவும் தன் இடத்தை இழக்காமல் இருக்கிறது. எடை குறைந்த, விலை மலிந்த மாற்றுகள் பல்லாண்டுகளாகக் கிடைத்தும் கிதார் கலைஞர்கள் அதைக் கைவிடாததற்கு, தன் திறனின் எல்லையை நெருங்கும்போது அது நடந்துகொள்ளும் முறையே முதன்மையான காரணமாகும். ஒலியைக் கூட்டிக்கொண்டே செல்லும்போது வால்வின் வெளியீடு ஒரு புள்ளியில் சட்டென்று வெட்டுப்படுவதில்லை. அலையின் முகடு மெல்ல வளைந்து தட்டையாக, மீட்டிய சுரத்தோடு அதன் மேற்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. இந்த உருக்குலைவைக் குறையாகக் கருதாமல் கருவியின் குரலாகவே ஏற்றுக்கொண்டு வளர்ந்தவை ப்ளூஸ், ராக் ஆகிய இசை வகைகள்.

வால்வுகள் நாளடைவில் தேய்பவை என்பதால் அவை சாக்கெட்டுகளில் செருகிக் கழற்றத்தக்கவாறு அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே தொனியைத் திருத்த விரும்புவோரின் கை முதலில் அவற்றையே நாடுகிறது. எந்த நிறுவனத்தின் வால்வு இனிமையானது என்ற பேச்சு கிதார் உலகில் ஓய்வதே இல்லை. ஆனால் ஒரு வால்வு எப்படி ஒலிக்கும் என்பதைப் பெரிதும் முடிவுசெய்வது, அது அமர்ந்திருக்கும் சுற்றும், இசை எதுவும் இல்லாதபோது அதன் வழியே ஓட விடப்படும் மின்னோட்டமும்தான். அந்த மின்னோட்டத்தை அமைக்கும் வேலையே பயாஸ் எனப்படுகிறது.

இதைப் புரிந்துகொள்ள வால்வின் உள்ளமைப்பைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். காற்று அகற்றப்பட்ட குழலின் நடுவே ஹீட்டர் எனப்படும் இழை சிவக்கச் சூடேறி, தன்னைச் சூழ்ந்திருக்கும் கேத்தோடு என்னும் உலோகக் குழாயைச் சூடாக்க, அதன் மேற்பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. பல நூறு வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுக்கப்பட்ட பிளேட் என்னும் வெளித் தகடு அவற்றைத் தன்பால் ஈர்க்கிறது. ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் 1904இல் உருவாக்கிய வால்வில் எலெக்ட்ரான்களை வெளியிடும் சூடான இழையும் அவற்றை ஈர்க்கும் தகடும் மட்டுமே இருந்தன. 1906இல் லீ டி பாரஸ்ட் இவ்விரண்டுக்கும் இடையே கிரிட் என்னும் கம்பி வலையைச் சேர்த்த பிறகே வால்வு பெருக்கும் ஆற்றலைப் பெற்றது. ஏரி மதகின் பலகையைச் சிறிதளவு ஏற்றி இறக்குவதாலேயே பெரும் நீரோட்டம் கட்டுப்படுவதைப் போல, கிரிட்டில் நிகழும் சிறிய மின்னழுத்த மாற்றம் பிளேட்டை நோக்கிப் பாயும் பெரிய ஓட்டத்தை ஆளுகிறது. கேத்தோடைவிடக் கிரிட் எவ்வளவு எதிர்மறையாக வைக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு ஓட்டம் குறையும். இசை இல்லாத நிலையில் அதை எந்த அளவில் நிறுத்தி வைப்பது என்பதுதான் பயாஸின் கேள்வி.

கிதார் பெருக்கியில் வால்வுகள் மூன்று வகைப் பணிகளைச் செய்கின்றன. கிதாரின் மெல்லிய குறிப்பலையை முதலில் வாங்கிப் பெருக்குபவை முன்பெருக்கி வால்வுகள். ஒலிபெட்டியை அசைக்கும் ஆற்றலைத் தருபவை வெளியீட்டு வால்வுகள். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிபயர் வால்வு சில பெருக்கிகளில் மட்டுமே உண்டு. முன்பெருக்கி வால்வுகளில் பெரும்பாலானவை கேத்தோடில் பொருத்தப்பட்ட மின்தடையின் துணையால் தம் பயாஸைத் தாமே அமைத்துக்கொள்வதால், அவற்றை மாற்றுவதற்கு அளவீடு எதுவும் தேவையில்லை. பெருக்கியை அணைத்து, ஆறவிட்டு, பழையதை எடுத்துப் புதியதைச் செருகினால் போதும்.

குறைந்த செலவில் தெளிவாகக் கேட்கும் மாற்றம் கிடைப்பதும் இங்கேதான். இவ்விடத்தில் மிகப் பரவலாக இருக்கும் 12ஏஎக்ஸ்7 என்னும் வால்வை ஐரோப்பாவில் இசிசி83 என்பர். அதன் பெருக்கக் காரணி 100. அதே சாக்கெட்டில் அமரக்கூடிய 5751இன் காரணி 70, 12ஏடி7இன் காரணி 60, 12ஏஒய்7இன் காரணி ஏறத்தாழ 45. முதல் வால்வின் பெருக்கம் குறைந்தால், அடுத்தடுத்த நிலைகள் தாமதமாகவே உருக்குலைவுக்குள் நுழையும். விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலி தெளிவிலிருந்து கரகரப்புக்கு நகரும் இடைவெளி அகலமாகும். இதன் வலிமையை வரலாற்றிலேயே காணலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ பெண்டரின் நிறுவனம் 1950களின் இறுதியில் தயாரித்த பாஸ்மேன் 5எப்6-ஏ பெருக்கியின் முதல் இடத்தில் 12ஏஒய்7 இருந்தது. அதன் சுற்றைப் பெரிதும் தழுவி, லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய தொழில்நுட்பர்களும் 1962இல் ஜேடிஎம்45ஐ உருவாக்கியபோது, அவ்விடத்தில் இசிசி83 வந்து அமர்ந்தது. மின்மாற்றியும் ஒலிபெட்டியும் வேறானதும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ ஒரே வரைபடத்திலிருந்து முன்னதைவிட விரைவில் சீறும் வேறொரு குரல் பிறந்தது.

வெளியீட்டு வால்வுகளுக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. நடுத்தர, பெரிய பெருக்கிகளில் இவை இணையாக அமர்ந்து, அலையின் மேற்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் தள்ளும் புஷ்-புல் முறையில் இயங்குகின்றன. ஓய்வு மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், ஒரு வால்வு ஓய்ந்து மற்றது பொறுப்பேற்கும் கணத்தில் இரண்டுமே ஏறக்குறைய உறங்கிக் கிடக்க, அலை சுழியைக் கடக்கும் இடத்தில் ஒரு மடிப்பு விழுகிறது. காதுக்கு இது மெலிந்த, வறண்ட, விளிம்பில் கரகரக்கும் ஒலியாகப் படும். நரம்பின் ஒலி தேய்ந்து மறையும் வேளையில் இந்தக் கரகரப்பு மேலும் துலங்கும். மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட மடிப்பு மறைந்து, ஒலி தடித்து, மீட்டலுக்கு உடனே இசைந்து கொடுக்கும். ஆனால் அளவு மீறினால் பிளேட் தாங்கக்கூடியதைவிடக் கூடுதலான வெப்பத்தைச் சுமக்க நேரிடுகிறது. அறையை இருட்டாக்கிப் பார்த்தால், இழையின் இயல்பான செம்மஞ்சள் ஒளிக்கு வெளியே, சாம்பல் நிறத் தகட்டின் மீதே மங்கிய சிவப்புத் திட்டு ஒன்று பரவுவது தெரியும். அதைக் கண்டவுடன் பெருக்கியை அணைத்துவிட வேண்டும். தவறினால் வால்வு அழிவதோடு வெளியீட்டு மின்மாற்றியும் சேதமடையக்கூடும்.

பயாஸ் அமைப்பில் இரு முறைகள் உண்டு. வாக்ஸ் ஏசி30 போன்ற பெருக்கிகளில் கேத்தோடு மின்தடை தானாகவே சமநிலையை ஏற்படுத்துகிறது. அதன் நான்கு இஎல்84 வால்வுகளும் 12 வாட் வரம்பை ஒட்டியே உழைப்பதால், ஒலி செழுமையாக இருப்பதோடு வால்வுகள் விரைவில் தேயவும் செய்கின்றன. மற்றொரு முறையில், தனியான எதிர்மின்னழுத்தம் ஒன்று கிரிட்டுக்கு வழங்கப்படுகிறது. பல பெருக்கிகளில் அதைத் திருகிச் சரிசெய்ய ஒரு சிறு மாறுதடை உள்ளே வைக்கப்பட்டிருக்கும். இஎல்34, 6எல்6 வால்வுகளைக் கொண்ட பெரும்பாலான மார்ஷல், பெண்டர் பெருக்கிகள் இவ்வகையின. இவற்றில் வால்வை மாற்றிவிட்டு பயாஸைப் பாராமல் விடுவது பெரும் பிழை; ஒரே எண்ணைத் தாங்கிய இரு வால்வுகள்கூட, ஒரே மின்னழுத்தத்தில் மிகவும் வேறுபட்ட அளவு மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். இணைகளைப் பொருத்தம் பார்த்து விற்பதும் இதனாலேயே.

அளவிடும் முறை எளிய கணக்கையே சார்ந்தது. இஎல்34இன் பிளேட் 25 வாட் வெப்பத்தைத் தாங்கவல்லது. 6எல்6ஜிசி 30 வாட் தாங்கும். தனி எதிர்மின்னழுத்தம் வழங்கப்படும் பெருக்கிகளில், ஓய்வு நிலையில் அந்த வரம்பின் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது தொழில்நுட்பர்கள் பின்பற்றும் வழக்கம். இஎல்34க்கு அது 17.5 வாட், பிளேட்டில் 450 வோல்ட் இருக்குமானால், 17.5ஐ 450ஆல் வகுக்க, ஏறத்தாழ 39 மில்லி ஆம்பியர் கிடைக்கும். கேத்தோடுக்கும் தரைக்கும் இடையே 1 ஓம் மின்தடை ஒன்றை இணைத்து அதன் குறுக்கே மல்டிமீட்டரை வைத்தால், மீட்டர் காட்டும் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியரைக் குறிக்கும். இதில் ஸ்கிரீன் எனப்படும் இரண்டாம் வலை இழுக்கும் சில மில்லி ஆம்பியர்களும் கலந்திருப்பதால், பிளேட்டின் உண்மையான ஓட்டம் சற்றுக் குறைவாகவே இருக்கும்; அந்தப் பிழை பாதுகாப்பின் பக்கமே சாய்வதால் கவலைக்குரியதன்று. இந்த 70 விழுக்காடு என்பது மேல்வரம்பே தவிர எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு அன்று. 55, 60 விழுக்காட்டில் அழகாக ஒலிக்கும் பெருக்கிகள் பல உள்ளன. அங்கே நிறுத்துவதால் வால்வின் ஆயுளும் நீளும். மாறுதடையை மெல்லத் திருகி, கரகரப்பு மறையும் இடத்தைக் காதால் கண்டு, அதற்கு மேல் அதிகம் செல்லாமல் நிறுத்துவதே சிறந்த வழி.

இப்பணியில் உயிருக்கு ஆபத்து உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பெருக்கியின் உள்ளே 400 முதல் 500 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் நிலவுகிறது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் வடிகட்டும் மின்தேக்கிகள் அதைத் தம்முள் தேக்கி வைத்திருக்கும். அவற்றைத் தகுந்த மின்தடை வழியே வடித்து, மீட்டரால் சரிபார்க்கத் தெரியாதவர்கள் மூடியைத் திறக்காமல் தொழில்நுட்பரிடம் ஒப்படைப்பதே முறை.

வெளியீட்டு வால்வின் வகையையே மாற்ற விரும்புவோர் மேலும் கவனமாக இருக்க வேண்டும். ஆர்சிஏ நிறுவனம் 1936இல் வெளியிட்ட 6எல்6 குடும்பம் அகன்ற கீழ்ச்சுரங்களுக்கும் தெளிவுக்கும் பெயர் பெற்றது. இஎல்34 இடைச்சுரங்களை முன்தள்ளி விரைவில் முறுகும். 1966இல் வெளியான ஜான் மயால், எரிக் கிளாப்டன் இசைத்தட்டில் ஒலிக்கும் மார்ஷல் பெருக்கியில் கேடி66 வால்வுகள் இருந்தன. இம்மூன்றும் ஒரே எட்டுமுனைச் சாக்கெட்டில் பொருந்தினாலும், இஎல்34இன் இழை 1.5 ஆம்பியரும் 6எல்6இன் இழை 0.9 ஆம்பியரும் இழுப்பதால், மின்மாற்றி அந்தக் கூடுதல் சுமைக்குத் தயாராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலும் இஎல்34இல் முதல் முனையை எட்டாம் முனையுடன் இணைத்தாக வேண்டும். 6எல்6க்காகக் கட்டப்பட்ட பெருக்கியில் அவ்விணைப்பு இல்லாமல் போகலாம். ரெக்டிபயர் வால்வை மாற்றினாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்: 5ஒய்3க்குப் பதிலாக ஜிஇசட்34ஐச் செருகினால் பிளேட்டின் மின்னழுத்தம் பல பத்து வோல்ட் உயர, ஓய்வு மின்னோட்டமும் தன் இடத்திலிருந்து நகர்ந்துவிடும்.

பிளாக்பர்னில் முல்லார்டு நிறுவனம் தயாரித்த பழைய வால்வுகள் இன்று பெருவிலை பெறுகின்றன. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஒரு காலத்தில் வானொலிகளுக்காக வால்வு தயாரித்தது. அவற்றையும் தேடிச் சேர்ப்போர் உண்டு. புதிய வால்வுகள் பெரும்பாலும் சுலோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன. பழையவற்றின் கட்டுமானம் மதிப்புக்குரியதுதான். எனினும் ஓய்வு மின்னோட்டம் ஒழுங்காக அமையாத பெருக்கியில் எந்த அரிய வால்வும் தன் இயல்பைக் காட்டாது. வாங்கும்போது கண்ணாடியின் உட்புறத்தில் உள்ள வெள்ளி நிறப் பூச்சைப் பார்ப்பது பயன் தரும்: அது உள்ளே எஞ்சிய வாயுவை உறிஞ்சுவதற்காக வைக்கப்பட்டது, வெண்மையாகிவிட்டிருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். முன்பெருக்கி வால்வை ஒரு பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஒலிபெட்டியில் மணியோசை எழுந்தால், அதன் உள்ளுறுப்புகள் தளர்ந்திருக்கின்றன.

புதிய வெளியீட்டு வால்வுகளின் மின்னோட்டம் முதல் சில மணி நேரங்களில் சற்று நகர்வது இயல்பு. ஆகவே பயாஸை அமைத்தபின் பெருக்கியைச் சில நாட்கள் வழக்கம்போல் வாசித்துவிட்டு, வீட்டு மின்னழுத்தம் வழக்கமான அளவில் இருக்கும் வேளையில், பிளேட்டின் வோல்ட்டையும் கேத்தோடின் மில்லி ஆம்பியரையும் மீண்டும் ஒருமுறை அளந்து, தேவையானால் மாறுதடையைச் சிறிது திருத்திக்கொள்ள வேண்டும்.