இணைப்பு அறுந்தால் என்னவாகும்?

மருத்துவர் ஓர் ஊரிலும் நோயாளி வேறோர் ஊரிலும் இருக்க, ரோபோ கருவியின் வழியே அறுவை சிகிச்சை நடைபெறலாம் என்று கேள்விப்படும் குடும்பத்தாருக்கு முதலில் எழும் ஐயம் இதுவே: இடையில் இணைப்பு அறுந்தால் என்னவாகும்?

2001 செப்டம்பர் 7 அன்று, நியூயார்க்கில் இருந்த அறுவை சிகிச்சை நிபுணர் ஜாக் மரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருந்த பெண்மணி ஒருவரின் பித்தப்பையை இம்முறையில் அகற்றினார். அவர் கையை அசைத்ததன் விளைவு அவருடைய திரையில் தெரிய ஏறத்தாழ 155 மில்லி விநாடி ஆயிற்று. ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லி விநாடி. அதற்கெனவே ஒதுக்கப்பட்ட கண்ணாடி இழை வடம் அன்று துணை நின்றது.

கம்பியில்லாத் தொடர்பில் அத்தகைய உறுதி எளிதில் கிட்டாது. சுவர்கள் அலையைத் தடுக்கும். ஒரே கோபுரத்தைப் பலர் பகிர்ந்துகொள்வர். எனவே, 5ஜி வலையமைப்புக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கடுமையான இலக்குகளை வகுத்தது. அவசரமான சிறு தகவல், கருவிக்கும் கோபுரத்துக்கும் இடையே 1 மில்லி விநாடியில் சேர வேண்டும். 1 லட்சம் தகவல்களில் 99,999 குறித்த நேரத்தில் சேர வேண்டும்.

இதற்கு வழிகள் உண்டு. ஆம்புலன்சுக்குப் பிற வண்டிகள் ஒதுங்குவதுபோல, அவசரத் தகவலுக்குப் பிற தகவல்கள் வழிவிடுகின்றன. ஒரே தகவலை இரு பாதைகளில் அனுப்பினால், ஒன்று தவறினும் மற்றொன்று வந்து சேரும்.

ஆயினும் தூரத்தை எந்தத் தொழில்நுட்பமும் வெல்ல இயலாது. கண்ணாடி இழையில் ஒளி 1 மில்லி விநாடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டரே செல்லும். 2,000 கிலோமீட்டருக்குப் போக மட்டும் 10 மில்லி விநாடி தேவை. மேலும், 99,999 என்பது 1 லட்சம் ஆகாது. ஸ்ட்ராஸ்பர்க்கில் நோயாளியின் அருகிலும் அறுவை சிகிச்சை மருத்துவர்கள் ஆயத்தமாக நின்றது இதனாலேயே.

காணொலி வழி ஆலோசனைக்கு இத்தனை துல்லியம் தேவையில்லை. சிறு தாமதத்தால் அங்கே தீங்கு நேராது. தொலைவிலிருந்து அறுவை சிகிச்சை செய்யலாம் என்று உங்களிடம் கூறப்பட்டால், ஒப்புதல் அளிக்குமுன் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். மாற்று இணைப்பு உள்ளதா? தொடர்பு நின்றால் கருவி அசையாமல் நிற்குமா? சிகிச்சையைத் தொடர்ந்து முடிக்கவல்ல மருத்துவர் நோயாளியின் அருகில் இருப்பாரா? மூன்றாவதற்கு 'ஆம்' என்ற விடை கிடைத்த பின்னரே கையொப்பம் இடுங்கள்.