மிரளும் காளைக் கன்றை ஏருக்குப் பழக்குதல்

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டி மாட்டுச் சந்தை கூடுகிறது. பர்கூர் இனக் காளைக் கன்று வேண்டுவோர் இச்சந்தையை நாடி வருவது வழக்கம். செந்நிற உடலில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட இந்த மலை மாடு வேகமாக நடக்கும். நெடுந்தூரம் சென்றாலும் களைக்காது. மஞ்சள், பருத்தி வயல்களில் வரிசைகளுக்கு இடையே உழ டிராக்டரை இறக்க முடியாத சிறு விவசாயிக்கு ஏற்ற மாடு இது. ஆனால் கன்றை வீட்டுக்கு ஓட்டி வந்தவர்கள் பலரும் கூறும் குறை, அது அளவுக்கு மீறி மிரளுகிறது என்பதே.

மிரளுவதில் வியப்பில்லை. மலையில் இம்மாடுகளைப் பகலில் காட்டில் மேயவிட்டு, இரவில் பட்டியில் அடைத்து வளர்க்கிறார்கள். தொழுவத்தில் பிறந்த கன்றுக்கு மனிதனின் கை பழக்கமானது. பட்டிக் கன்றுக்கோ கயிறு, சுவர், சைக்கிள் மணி, பஸ் ஹாரன் எல்லாமே புதியவை. அதனிடம் இருப்பது பயமே தவிர முரட்டுத்தனம் அல்ல. இதை உணராமல் அடித்து வசக்க முற்படும்போது, நல்ல கன்று சண்டி மாடாகி, கடைசியில் கிடைத்த விலைக்கு அடிமாடாகப் போகிறது. கன்றுக்குக் கொடுத்த பணத்தோடு அந்தப் பருவத்து உழவும் போய்விடும்.

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. ஆகவே முன்னும் பக்கங்களிலும் ஏறக்குறைய முழுவதையும் பார்க்கும்; நேர் பின்புறம் மட்டும் தெரியாது. பள்ளத்தின் ஆழத்தை அதனால் நன்கு கணிக்க முடியாது. தரையில் விழும் நிழலும், தேங்கிய தண்ணீரும் அதற்குக் குழியாகத் தோன்றலாம். மனிதன் கேட்க முடியாத கீச்சொலிகளையும் அது கேட்கும். எனவே கன்றை அணுகுபவர் பின்னாலிருந்து வரக்கூடாது. வாயால் ஏதாவது பேசிக்கொண்டே, தோள்பட்டைப் பக்கமாக, மெதுவாக வர வேண்டும். பின்னால் வந்து தட்டிவிட்டு உதை வாங்கியவர், குறையைக் கன்றின் மேல் சொல்வதில் பயனில்லை.

வாங்கி வந்த கன்றுக்கு முதல் வாரம் எந்த வேலையும் கொடுக்கக்கூடாது. வீட்டில் உள்ள வயதான, சாதுவான மாட்டின் அருகில் கட்டினால் போதும். மாடு கூட்டத்தில் வாழும் பிராணி. பக்கத்து மாடு அசைபோட்டுக்கொண்டு நின்றால் கன்றும் அடங்கும். தவிடும் பிண்ணாக்கும் கலந்து, தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில் கையால் வைக்க வேண்டும். கன்று தின்னும்போது முதலில் கழுத்தையும் திமிலையும், பிறகு முதுகையும், கடைசியாகப் பின்னங்கால்களையும் தடவிக் கொடுக்கலாம். தடவும் இடத்தில் தோல் சிலிர்ப்பது நின்றால் அடுத்த இடத்துக்குப் போகலாம். வீட்டுப் பெண்களே தீனி வைப்பவர்களானால் இந்த வேலை இன்னும் சுலபமாக முடிகிறது. கன்று அவர்கள் குரலுக்குத்தான் முதலில் திரும்பிப் பார்க்கும்.

மூக்கு குத்தாத கன்றாக இருந்தால், கால்நடை மருத்துவரைக் கொண்டு மரப்பு ஊசி போட்டுக் குத்துவது நல்லது. புண் முழுவதும் ஆறும் வரை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுக்கவே கூடாது. அதுவரை தலைக்கயிறே போதும். புண்ணோடு இழுபட்ட கன்று, மனிதன் கை முகத்தருகே வந்தாலே தலையை உதறும். அந்தப் பழக்கம் பல் சேர்ந்த பிறகும் போகாது.

இரண்டு பல் போட்ட கன்றை நுகத்துக்குப் பழக்கத் தொடங்கலாம். அதற்கு முன் கிழ மாட்டின் பின்னால் காலையும் மாலையும் நடத்திச் செல்ல வேண்டும். முதலில் வரப்பு, பிறகு வண்டித்தடம், அதன் பின் ஊர்த்தெரு. கன்று எதையாவது கண்டு நின்றுவிட்டால் இழுக்கவும் வேண்டாம், திருப்பி ஓட்டவும் வேண்டாம். நின்று பார்க்கட்டும், மோந்தும் பார்க்கட்டும். காது முன்னால் வந்து, தலை தாழ்ந்தால் பயம் தெளிந்தது என்று பொருள். கண்ணின் வெண்மை தெரிய விழித்து, சீறி மூச்சுவிட்டு, இளகலாகச் சாணம் போட்டால் அன்றைய பாடம் அதிகமாகிவிட்டது. நன்றாக வெருண்ட மாட்டின் நெஞ்சுத் துடிப்பு அடங்க 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். அதுவரை அதற்கு எதைச் சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது.

கயிற்றைக் கையில் சுற்றிக் கொள்வது பலரிடம் உள்ள பழக்கம். மிரளும் கன்றிடம் இது மிகவும் ஆபத்தானது. கன்று பாய்ந்தால் விரல் போகும். ஆளையும் இழுத்துச் செல்லும். கயிற்றை மடித்துப் பிடிக்க வேண்டும். பழக்கும் இடத்தில் சிறு பிள்ளைகளை நிறுத்தக்கூடாது.

நுகத்தடியைக் கழுத்தில் வைப்பதற்கு முன் இரண்டு நாள் கன்றின் முன்னால் போட்டு வைக்கலாம். பிறகு கிழ மாட்டுடன் சேர்த்துப் பூட்டி, பாரம் எதுவும் இல்லாமல் உழுத வயலில் சுற்றி வர வேண்டும். கால் புதையும் மண்ணில் கன்று வேகமாகப் பாய முடியாது, விழுந்தாலும் அடிபடாது. நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும். நாலைந்து நாளில் சிறு கட்டையைக் கட்டி இழுக்கவிடலாம். கட்டை தரையில் உரசும் சத்தம் பின்னாலிருந்து, அதாவது கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, வருவதால் பெரும்பாலான கன்றுகள் இங்கேதான் வெருளும். ஆகவே முதலில் கட்டையை வேறொருவர் கன்றின் முன்னே இழுத்துச் செல்ல, கன்று பின்னால் நடக்கட்டும். அடுத்த நாள் பக்கவாட்டில் இழுத்து, அதற்கடுத்த நாள் பின்னால் கட்டினால் சத்தம் அதற்குத் தெரிந்த சத்தமாகிவிடும். பரம்பு, கலப்பை, வெறும் வண்டி என்று அதன் பிறகு போகலாம். நாலு பல் ஆகும் வரை கனத்த பாரம் வேண்டாம்.

கன்றை இடது பக்கம் பூட்டுவதே நல்லது. சாலையில் வண்டி இடது ஓரமாகச் செல்வதால், லாரியும் பஸ்ஸும் வலது பக்கத்து மாட்டை ஒட்டித்தான் போகும். அங்கே பழகிய மாடு நின்றால் கன்றுக்கு அது ஒரு சுவர் போல.

சில கன்றுகள் நுகத்தோடு படுத்துவிடும். வாலை முறுக்குவதும் கடிப்பதும் பல ஊர்களில் உண்டு. வால் எலும்பு முறிவதுதான் மிச்சம். தாற்றுக்கோலில் ஆணி வைத்துக் குத்துவதை 1965ஆம் ஆண்டு விதிகளே தடை செய்துள்ளன. படுத்த உடனே அவிழ்த்துவிடுவதும் தவறு. படுத்தால் விடுதலை என்று கன்று கற்றுக்கொள்ளும். காத்திருந்து, கிழ மாட்டை லேசாக நகர்த்தி, கன்று எழுந்து நாலு அடி வைத்ததும் தட்டிக்கொடுத்து அவிழ்க்க வேண்டும். வண்டியோடு ஒருமுறை ஓடிவிட்ட கன்றையும் அதே இடத்தில் வைத்து அடிக்கக்கூடாது. மாடு அடித்த ஆளையும் இடத்தையும் மறக்காது. ஒரு வாரம் வண்டியை விட்டு, மறுபடி கட்டையிலிருந்து தொடங்குவதுதான் வழி.

பழக்கும் நாட்களில் கழுத்தைத் தினமும் பார்க்க வேண்டும். நனைந்த நுகத்தடியும் காய்ந்த வியர்வையும் தோலை உரித்துவிடும். வலிக்கும் கழுத்தில் நுகம் படும்போது கன்று துள்ளினால் அதை மிரட்சி என்று எண்ணிவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் கழுத்தைக் கழுவித் துடைத்து, வேப்பெண்ணெய் தடவலாம். புண் வந்தால் ஆறும் வரை பூட்டக்கூடாது.

ஒரே பக்கத்தில் மட்டும் மிரளும் கன்றுக்கு அந்தப் பக்கத்துக் கண்ணில் பூ விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இதுவரை சாதுவாக இருந்த மாடு திடீரென்று வெருண்டு, எச்சில் ஒழுக்கி, குரல் மாறிக் கத்தினால் வெறிநோயாக இருக்கலாம். அதன் வாயில் கை வைக்காமல், தனியே கட்டி, உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.