மலை ஏறிய இரண்டு பெண்கள்

கொடைக்கானலுக்குப் புறப்பட்ட குடும்பம் எதுவானாலும், பஸ் பெருமாள்மலையைத் தாண்டும்போது ஒரு காரியம் தவறாமல் நடக்கும். அம்மா பையைத் திறந்து ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லோருக்கும் மாட்டிவிடுவாள். கடைசியில் தனக்கென்று பார்த்தால் ஒரு பழைய சால்வைதான் மிஞ்சியிருக்கும்!

ஹைடி என்ற ஐந்து வயதுச் சிறுமி செய்தது இதற்கு நேர்மாறு. ஸ்விட்சர்லாந்து மலையில் தனியாக வாழும் தாத்தாவிடம் அவளை விட்டுவிட்டு வரச் சித்தி அழைத்துப் போகிறாள். மூட்டை சுமப்பானேன் என்று, இருக்கிற உடுப்பையெல்லாம் குழந்தையின் மேலேயே ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிட்டாள் அந்தப் புண்ணியவதி! வழியில் ஆடு மேய்க்கும் பையன் பீட்டர் வெறுங்காலோடு துள்ளி ஓடுவதைக் குழந்தை பார்க்கிறது. சட்டென்று உட்கார்ந்து ஜோடு, காலுறை, மேல்சட்டை எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிட்டு, ஆட்டுக்குட்டிகளோடு தானும் ஓடுகிறது.

யோஹன்னா ஸ்பீரி என்ற பெண்மணி 1880, 1881-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதிய கதை இது. ஜப்பானியர் 1974-ல் இதை ‘அனிமே’ என்ற சித்திரத் தொடராக எடுத்து, ஞாயிறுதோறும் டெலிவிஷனில் காட்டினார்கள். மொத்தம் 52 வாரங்கள். இயக்கியவர் இஸாவோ தகஹாதா. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகியும் அவரோடு உழைத்தார். வரைவதற்கு முன் 1973-ல் ஸ்விட்சர்லாந்துக்கே போய்ப் புல்வெளியையும் மரவீடுகளையும் பார்த்து வந்தார்களாம். தொடரைப் பார்த்தவர்களுக்கு அது பொய்யில்லை என்று தெரியும்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவு வந்தவள், நம் பூரணி.

பூரணியை இந்தப் பக்கங்களின் வாசகியருக்கு அறிமுகப்படுத்த வேண்டுமா, என்ன? நா. பார்த்தசாரதி, ‘மணிவண்ணன்’ என்ற பெயரில் ‘கல்கி’யில் தொடராக எழுதிய ‘குறிஞ்சி மல’ரின் நாயகி. 1960-களில் பிறந்த எத்தனையோ குழந்தைகளுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயர் வைக்கச் செய்த கதை அல்லவா அது!

இருவரும் பெற்றோரை இழந்தவர்கள். அந்த ஒற்றுமை பெரிதல்ல. கதைகளில் அநாதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. என்னைத் தொட்டது வேறு. இருவருமே தங்கள் துன்பத்தை வாய்விட்டுச் சொல்லாதவர்கள்.

தமிழ்ப் பேராசிரியரான தந்தை இறந்தபின், தம்பிகளையும் தங்கையையும் காப்பாற்றும் பொறுப்பு பூரணியின் தலையில் விழுகிறது. குழந்தைகள் சாப்பிட்டால் போதும் என்று தன் பசியை மறைத்துக்கொண்டு வேலை தேடி அலைகிறவள், மதுரைத் தெருவில் மயங்கி விழுகிறாள். அவளுடைய வாய் சொல்லாததை உடம்பு சொல்லிவிட்டது.

ஹைடி கதையும் அப்படித்தான். எட்டு வயதில் அவளை மலையிலிருந்து பிரித்து, பிராங்க்பர்ட் நகரத்துப் பணக்கார வீட்டில், நடக்க முடியாத க்ளாராவுக்குத் துணையாக விடுகிறார்கள். நல்ல சாப்பாடு, மெத்தை, பட்டாடை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் சுவர்தான் தெரிகிறது. ஊருக்குப் போகவேண்டும் என்று சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்களே! வாயைப் பொத்திக்கொண்டு தலையணையில் அழுகிறாள். கொஞ்ச நாளில் அந்த வீட்டில் பேய் உலவுவதாகப் பேச்சு எழுகிறது. இரவில் பூட்டிய வாசற்கதவு காலையில் திறந்து கிடக்கிறது. வீட்டுக்காரரும் டாக்டரும் கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தால், தூக்கத்தில் நடந்துவந்து, வெள்ளைக் கவுனோடு கதவருகே நடுங்கி நிற்கிறது குழந்தை! டாக்டர் மருந்தே எழுதவில்லை. உடனே மலைக்கு அனுப்புங்கள் என்றார், அவ்வளவுதான்.

மலைக்குப் போனால் உடம்பு தேறும் என்ற இந்த நம்பிக்கையில் பிறந்த ஊர்தான் கொடைக்கானலும். மதுரையில் மிஷன் நடத்திவந்த அமெரிக்கர்கள் காய்ச்சலுக்கும் பேதிக்கும் தங்கள் மனிதர்களைப் பறிகொடுத்துத் தவித்து, 1845-ல் பழனி மலையில் சுமார் ஏழாயிரம் அடி உயரத்தில் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். இன்று நாம் படகு விடும் ஏரி 1863-ல்தான் வந்தது. அதைப் பெரும்பாடுபட்டு அமைத்தவர் லெவிஞ்ச் துரை. சாலை வருவதற்கு முன் துரைசானிகளும் குழந்தைகளும் நாற்காலியில் அமர்ந்து மேலே போனார்கள். நாற்காலியைச் சுமந்தவர்களின் தோளுக்கு எந்த மலையில் ஓய்வு கிடைத்ததோ!

பூரணியும் உழைத்து உழைத்துச் சோர்ந்த பிறகே ஓய்வுக்காகக் கொடைக்கானலுக்கு வருகிறாள். அங்கேதான் குறிஞ்சி பூத்த மலையைக் காண்கிறாள். ஆனால் ஹைடிக்கு மலை சொந்த வீடு. பூரணிக்கோ அது மங்களேசுவரி அம்மாளின் அன்பினால் கிடைத்த சில நாள் நிழல். இறங்கினால் மேடை, தேர்தல், ஊர்ப்பணி எல்லாம் வரிசையாகக் காத்திருக்கின்றன.

ஜப்பானியர் ஓர் இடத்தில் கதையை மாற்றியிருக்கிறார்கள். மூலக் கதையில் பீட்டர் பொறாமையால் க்ளாராவின் சக்கர நாற்காலியை மலைச்சரிவில் உருட்டி உடைத்துவிடுகிறான். தொடரிலோ, நடக்கப் பழகும் க்ளாரா மனந்தளர்ந்து மறுபடி நாற்காலியைத் தேடிப்போக, அது அவள் கையிலிருந்து நழுவி உருண்டு நொறுங்குகிறது. மற்றவன் செய்த குற்றத்தைக் காட்டிலும் இது எனக்குப் பிடித்திருந்தது. ஒத்தாசை என்று பிடித்துக்கொண்டது எப்போது விலங்காகிறது என்று அந்தச் சிறுமிக்கே தெரியவில்லை, பாருங்கள்!

க்ளாரா நடந்தாள். பூரணிக்கு அப்படியொரு மங்களமான முடிவை நா. பா. கொடுக்கவில்லை, அரவிந்தனை இழந்து தனியாகவே வாழ்கிறாள். வாரப் பத்திரிகையில் படித்துவிட்டு அழாத வீடு உண்டா? குறிஞ்சிச் செடியும் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து ஒரே ஒருமுறை நீலமாகப் பூத்து, விதையை உதிர்த்துவிட்டுப் பட்டுப்போகிறது. அது அவள் கதைக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனாலும், அவளைக் கொடைக்கானலில் இன்னும் ஒரு மாதம் இருக்க விட்டிருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆசிரியர்மேல் ஒரு குறை உண்டு.

மலையில் குறிஞ்சி 2018-ல் பூத்தது. அடுத்த பூப்பு 2030-ல். அப்போது போகிறவர்கள், ஸ்வெட்டர்ப் பையை ஒருமுறையாவது அம்மாவின் கையில் கொடுக்காமல் புறப்பட்டுப் பாருங்களேன்.