கொதியிலும் மடியாத சோற்றுப் பற்றீரியா

ஒரு போகத்தில், வெங்காயம் பிடுங்கும் நாளன்று, முற்பகல் பத்தரை மணியளவில் கமக்காரர் ஒருவர் என்னை அவசரமாக அழைத்தார். அவரது தோட்டத்தில் வேலைசெய்துகொண்டிருந்தோருள் ஏழு பேர் வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடந்தனர். வேலிக்கு அப்பாலுள்ள மிளகாய்த் தோட்டத்தில் நான்கு நாள்களுக்கு முன் பூச்சிநாசினி தெளிக்கப்பட்டிருந்தமையால், பழி முழுவதும் அத் தோட்டக்காரர்மேல் விழுந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வேலியின் இரு பக்கத்திலும் வார்த்தை தடித்திருந்தது.

நோயாளரை முதலில் வைத்தியசாலைக்கு அனுப்பினோம். சேதனப் பொசுபேற்றுப் பூச்சிநாசினியால் நஞ்சேறியவரிடம் காணப்படும் கண்மணிச் சுருக்கம், வாய்நீர் பெருகுதல், மிகுந்த வியர்வை ஆகிய குறிகள் அவர்களிடம் இல்லை. பின்னர் காலையுணவைப்பற்றி விசாரித்தேன். முதல்நாள் மாலை பெரிய கிடாரத்திற் சோறு சமைத்து, மூடி, அடுப்பங்கரையிலேயே விட்டிருந்தனர். காலையில் அதனை வெங்காயம், செத்தல் மிளகாய் சேர்த்துத் தாளித்துச் சுடச்சுட எட்டு மணிக்குப் பரிமாறினர். பாண் உண்ட வீட்டுக்காரருக்கும் அவர் மகனுக்கும் யாதொரு தீங்கும் நேரவில்லை. மாலைக்குள் எழுவரும் தெளிந்துவிட்டனர். வேலிச் சண்டை தெளிய இன்னுஞ் சில வாரங்கள் சென்றன.

“நன்றாகக் கொதித்த சோறுதானே, ஐயா? காலையில் மறுபடியும் சூடாக்கினோமே?” என்று அவ்வீட்டு அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குரிய விடை வயல் மண்ணிலிருந்து தொடங்குகின்றது.

நாம் உழும் மண்ணில் பசிலசு சீரியசு என்னும் பற்றீரியம் இயல்பாகவே வாழ்கின்றது. மண்ணிலிருந்து அது நெல்லிற்கும், நெல்லிலிருந்து அரிசிக்கும் வந்துசேர்கின்றது. மசாலாத் தூள், பாற்பொடி முதலியவற்றிலும் அதனைக் காணலாம். உணவு குன்றி நிலைமை நெருக்கடியாகும்போது இப் பற்றீரியம் தன்னுள்ளே வித்தி எனப்படும் தடித்த உறையிட்ட உருவொன்றை அமைத்துக்கொள்ளும். இதனைக் கமக்காரர் விதையென எண்ணுதல் தவறு. விதை இனம் பெருகுதற்கு உரியது. வித்தியோ பிழைத்திருப்பதற்கு மட்டுமே உரியது. ஒரு பற்றீரியம் ஒரே வித்தியையே ஆக்கும். அதன் உள்ளறையில் நீர் மிகக் குறைவு. கல்சியமும் ஒருவகை அமிலமும் அங்கே செறிந்திருக்கும். ஆதலால் வெயிலிற் காய்ந்தாலும், நெற்பையில் மாதக்கணக்காகக் கிடந்தாலும், உலையிற் கொதித்தாலும் அது மடிவதில்லை.

இவ்வுண்மையை அறிஞர் உணர்வதற்கு உதவியது காய்ந்த புல்லே. பேர்டினண்ட் கோன் என்னும் ஜேர்மானிய அறிஞர், காய்ந்த புல்லை ஊறவைத்த நீரில் வாழும் பற்றீரியத்தின் வித்திகளை 1876 ஆம் ஆண்டில் விவரித்தார். அதே ஆண்டில் இலண்டனில் யோன் திண்டல் என்பவர், தம் ஆய்வுகூடத்திற்குப் பழம்புல் கொணர்ந்தபின், முன்னர் சில நிமிடம் கொதிக்கவைத்தாலே கெடாதிருந்த சாறுகளெல்லாம் பலமணி நேரம் கொதித்தும் கெடக் கண்டு திகைத்தார். புல்லின் வித்திகள் கூடமெங்கும் பரவிவிட்டன. ஈற்றில் அவர் கண்ட உபாயம் எளியது: சிறிது நேரம் சூடாக்குதல், பின் பல மணி நேரம் ஆறவிடுதல், மீண்டும் சூடாக்குதல். ஆறும்போது வித்தி முளைத்து மெல்லிய உடலோடு வெளிவரும்; அடுத்த சூட்டில் அது மடியும். அவர் இதனை 1877 இல் வெளியிட்டார்.

நம் கிடாரத்திலும் இதன் முற்பாதியே நிகழ்கின்றது. கொதி ஏனைய நுண்ணங்கிகளை அழித்துவிடுகின்றது. வித்தியை அழிக்காது அதனைத் துயிலெழுப்பியும் விடுகின்றது. போட்டியற்ற வயலில் தனித்து முளைத்த களைபோல அது தழைக்கத் தொடங்கும். பொதுவாக 10 முதல் 50 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பநிலையில் இப் பற்றீரியம் பெருகும். பெரிய கிடாரத்தின் நடுச்சோறு இரவு முழுவதும் இவ்வெல்லைக்குள்ளேயே கிடக்கின்றது. அரைமணிக்கு ஒருமுறை இரட்டித்தால், ஒன்று பத்து மணி நேரத்திற் பத்து இலட்சத்தைத் தாண்டும்.

அப்படியாயின் திண்டல் செய்தவாறு காலையிற் சூடாக்கினால் அவை மடியாவோ? மடியும். ஆனால் இரவில் அவை சோற்றிற் கலந்துவிட்ட நச்சுப்பொருள் மடியாது. வாந்தியை உண்டாக்கும் அந்நஞ்சு 121 பாகைச் சூட்டையும் தாங்கும். நம் வயிற்றின் அமிலமும் அதனைச் சிதைப்பதில்லை. உண்ட அரைமணி தொடக்கம் ஆறு மணி நேரத்துள் வாந்தி தொடங்கும். மணத்தாலோ சுவையாலோ இதனை அறிதல் அரிது. 1971 ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியாவிலுள்ள சீன உணவகங்களிற் பொரித்த சோறு உண்டோர் பலர் இவ்வாறே வாந்தியுற்றனர். குளிரூட்டியில் வைத்தாற் சோறு ஒட்டிக்கொள்ளுமென்று அங்குள்ள சமையற்காரர் அதனை இரவில் வெளியே விட்டமையே காரணம்.

இடையில் ஒன்றைச் சொல்லவேண்டும். இப் பற்றீரியத்தின் நெருங்கிய உறவு ஒன்று கமக்காரருக்குத் தோழன். பசிலசு துரிங்கியென்சிசு என்னும் அது, 1901 இல் யப்பானில் நோயுற்ற பட்டுப்புழுவிலும், 1911 இல் ஜேர்மனியின் துரிங்கியாவில் மாவைக் கெடுக்கும் அந்தின் புழுவிலும் கண்டறியப்பட்டது. வித்தியாகும்போது அது கூடவே ஆக்கும் புரதப் பளிங்கு, கோவாப் புழுவின் காரத்தன்மையுள்ள குடலிற் கரைந்து அதனைக் கொல்லும். இம் மருந்தைப் புழு உண்ணவேண்டும். வெயிலில் வலு குன்றும். ஆதலின் புழு சிறிதாயிருக்கும்போதே, மாலையில், இலையின் இருபுறமும் படியத் தெளித்தல் வேண்டும்.

இனிச் சோற்றிற்கு வருவோம். நடுகைக்கும் அறுவடைக்கும் பலருக்குச் சமைக்கும் வீட்டார், இயன்றவரை அன்று காலையிலேயே சமைத்தல் நன்று. உண்ணும்வரை ஆவி பறக்கும் சூட்டில், அதாவது 60 பாகைக்கு மேல், வைத்திருக்கலாம். மிஞ்சிய சோற்றைக் கிடாரத்தோடு மூடிவைத்தலாகாது. அகன்ற தட்டுகளில் மெல்லப் பரப்பி விரைவில் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துள் குளிரூட்டியில் வைக்கவேண்டும். வயலுக்குக் கொண்டுசெல்லும் சோற்றுப்பொதி வெதுவெதுப்பாகப் பலமணி நேரம் கிடப்பதே பெரிய இடர். மிஞ்சியதைச் சாக்காற் சுற்றிச் சூடு காக்கும் வழக்கத்தை நான் பல வீடுகளிற் கண்டுள்ளேன். அச்சூடு உண்மையில் பற்றீரியாவுக்கே உதவுகின்றது.

பழஞ்சோற்றைப்பற்றி முதியோர் கேட்பர். தண்ணீர் ஊற்றிய சோற்றிற் பாற்புளிப்புப் பற்றீரியா பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன; நன்கு புளித்தபின் பசிலசு சீரியசு அங்கே பெருகமாட்டாது. எனினும் புளிப்பேறச் சில மணி நேரம் செல்லும். அதற்குள் உண்டான நஞ்சைப் புளிப்பும் நீக்காது. எனவே சமைத்த சோற்றை நெடுநேரம் வெதுவெதுப்பாக விட்டுப் படுக்கப்போகும்போது தண்ணீர் ஊற்றுதல் பயன்தராது. பரப்பி ஆற்றியவுடன் குளிர்ந்த சுத்தமான நீரை ஊற்றவேண்டும்.

வாந்தி கண்டவருக்கு ஜீவனிக் கரைசலைச் சிறுகச் சிறுகப் பருகக் கொடுங்கள். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் ஆகியோரையும், கண்மணி சுருங்கியோ வாய்நீர் பெருகியோ காணப்படுவோரையும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அப்போது தோட்டத்தில் என்ன தெளிக்கப்பட்டது, காலையில் என்ன உண்டனர், எத்தனை மணிக்கு உண்டனர் என்னும் மூன்றையும் வைத்தியரிடம் கூறுங்கள்.